ஓஇடி-க்குப் படிக்கிறேன்: "போயிருந்தேன்" என்பதற்கு "ஹேட் கான்" ஏன் தப்பு?

வேலந்தாவளம் நர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வீடு கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. நர்சிங். இப்போது பாலக்காட்டில் ஓஇடி (வெளிநாட்டு வேலைக்கு நர்ஸ்கள் எழுதுகிற இங்கிலீஷ் தேர்வு) கோச்சிங் போகிறேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் மலையாளம், விளக்கமும் மலையாளத்தில்தான். அது எனக்குப் பிரச்சினை இல்லை, நன்றாகவே புரியும். இறந்தகாலம் வரும்போதுதான் இடிக்கிறது.

"நேற்று கோயம்புத்தூர் போயிருந்தேன்" என்பதை "எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு கோயம்புத்தூர்" என்று எழுதினேன். சார் அதை அடித்து "வென்ட்" போட்டார். "இந்தப் பேஷன்ட் போன வருஷம் இங்கே வந்திருக்கிறார்" என்பதை "ஹேஸ் கம் ஹியர் லாஸ்ட் இயர்" என்று எழுதினேன். அதையும் அடித்து "கேம்" போட்டார். காரணம் கேட்டால் "ரூல் அப்படித்தான்" என்கிறார். போனேன் வேறு, போயிருந்தேன் வேறு இல்லையா? நாம் வீட்டில் இரண்டையும் ஒரே அர்த்தத்திலா சொல்கிறோம்? இங்கிலீஷில் மட்டும் எப்படி இரண்டும் ஒரே "வென்ட்" ஆகும்?

இன்னொன்று. பேச்சுத் தேர்வில் நோயாளியிடம் பேசிக் காட்டுகிற ரோல் பிளேயில் பெரிய பெரிய மருத்துவ வார்த்தை எல்லாம் வாயில் வருகிறது. "கை மரத்துப் போச்சா?" என்று கேட்க வார்த்தை வரவில்லை. இதற்கு என்ன வழி?

கொழிஞ்சாம்பாறை பையன்:

அக்கா, கிராமரை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இங்கிலீஷ் சீரியல் பாருங்கள். தமிழ் இலக்கணம் படித்தா தமிழ் பேசினோம்?

வேலந்தாவளம் நர்ஸ்:

தம்பி, எழுத்துத் தேர்வில் சீரியல் கேட்க மாட்டார்கள். 5 நிமிஷம் கேஸ் நோட்ஸ் படிக்கணும், 40 நிமிஷத்தில் 180 முதல் 200 வார்த்தைக்குள் ஒரு லெட்டர் எழுதணும். நோயாளிக்கு எப்போது என்ன ஆனது என்பதுதான் முழு லெட்டரும். காலம் தப்பினால் லெட்டரே தப்பு.

சித்தூர் டீச்சர்:

கண்ணு, நல்ல கேள்வி. நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்காவில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவள். உன் நோட்டில் இருக்கிற இந்த இரண்டு வாக்கியத்தையும் எந்த வகுப்பில் கேட்டாலும் பிள்ளைகள் இப்படியேதான் எழுதுவார்கள். காரணம் "இரு".

தமிழில் வினையோடு "இரு" சேர்த்தால் பல வேலை நடக்கும். "நேற்று கோயம்புத்தூர் போயிருந்தேன்" என்று எப்போது சொல்கிறோம்? போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டோம், அதைப் பற்றி இனி ஏதோ சொல்லப் போகிறோம் என்றால் சொல்கிறோம். "போயிருந்தேன், அங்கே உங்க மாமாவைப் பார்த்தேன்" என்று கதை தொடரும். "போன வருஷம் வந்திருக்கிறார்" என்பது நாம் நேரில் பார்க்காததை ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்வது, இல்லாவிட்டால் அவருக்கு இந்த ஆஸ்பத்திரி பழக்கம் என்று சொல்வது. இந்த நுணுக்கம் எல்லாம் நம் மொழிக்கு அழகு. இங்கிலீஷ் வினைக்கு அது தெரியாது. அது பார்ப்பது ஒன்றைத்தான்: எப்போது என்று நேரம் சொல்லிவிட்டாயா, இல்லையா?

எஸ்டர்டே, லாஸ்ட் இயர், டூ டேஸ் எகோ, இன் 2019, அட் டென் ஓ கிளாக் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் அது ஷட்டர் இறக்கிய கடை. அங்கே "ஹேவ்", "ஹேஸ்" நுழையாது, வென்ட், கேம், சா என்று சிம்பிள் பாஸ்ட்தான். நேரம் சொல்லவில்லை, அல்லது இன்றுவரை நீண்டு வருகிறது என்றால் கடை இன்னும் திறந்திருக்கிறது, "ஹேவ்" போடலாம். "ஹி ஹேஸ் கம் ஹியர் பிஃபோர்" சரி. "ஹி கேம் ஹியர் லாஸ்ட் இயர்" சரி. இரண்டையும் கலந்தால்தான் தப்பு.

இனி "ஹேட்". இதை நம் ஆட்கள் மரியாதைக்குப் போடுகிற துண்டு மாதிரி எல்லா இடத்திலும் போடுகிறார்கள். இது தனியாக நிற்காது. இறந்தகாலத்தில் ஏற்கெனவே ஒரு நிகழ்ச்சி இருக்க வேண்டும், அதற்கும் முன்னால் நடந்ததற்குத்தான் "ஹேட்". "நான் ஸ்டாண்டுக்கு வந்தபோது வேலந்தாவளம் பஸ் போயிருந்தது": "வென் ஐ ரீச்ட் தி ஸ்டாண்ட், தி பஸ் ஹேட் லெஃப்ட்." இங்கே நம் "இருந்தது"வும் அவர்கள் "ஹேட்"டும் ஒத்துப்போகிறது. "ஹேட்"டை எடுத்துவிட்டு "லெஃப்ட்" என்று மட்டும் எழுதினால், நீ வந்த அதே சமயம் பஸ் கிளம்பியது என்று அர்த்தம் மாறிவிடும்.

அதனால் "ஐ ஹேட் கான் டு கோயம்புத்தூர்" என்று நீ நிறுத்தினால் கேட்கிறவன் "எதற்கு முன்னால்?" என்று காத்திருப்பான்.

குப்பம் எல்லை:

டீச்சர் சொன்னது புரிந்தது. இந்த "ஹேட்" வியாதி ஆந்திரத்தில் எங்கள் குப்பம் ஊரிலும் உண்டு. இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் நடக்கும். எனக்கு வேறு சந்தேகம். பிள்ளைகள் "ஐ டிடின்ட் வென்ட்" என்று சொல்வதற்கும் தாய்மொழிதான் காரணமா? தமிழில் "போகவில்லை" என்கிறோம், யாரும் "போனவில்லை" என்பதில்லை. தெலுங்கிலும் "வெள்ளலேது"தான். இரண்டிலும் காலம் காட்டாத உருவம்தான் முன்னால் நிற்கிறது. "டிடின்ட் கோ" நமக்கு இயல்பாகவே வர வேண்டும் அல்லவா?

கொழிஞ்சாம்பாறை பையன்:

அண்ணா, எங்கள் ஊருக்கு வாங்க. மலையாளத்தில் "போயில்லா". போயி என்பது போனதுதான், அதன்மேல் இல்லா. அப்படியே வார்த்தைக்கு வார்த்தை போட்டால் "வென்ட் நாட்" மாதிரி வரும். என் கூட்டுக்காரர்கள் "டிடின்ட் வென்ட்" சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும். இலக்கணம் வேண்டாம் என்று சொன்ன நானே இதை எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

வேலந்தாவளம் நர்ஸ்:

ஐயோ, ஆமாம்! போயில்லா, வன்னில்லா, கண்டில்லா. நாள் முழுக்க இதைத்தானே கேட்கிறேன். இதுவரை தோன்றவே இல்லை.

சித்தூர் டீச்சர்:

தம்பி பிடித்தது நல்ல பிடி. ஆனால் எல்லாவற்றையும் மலையாளத்தின் தலையில் கட்ட வேண்டாம். மலையாள வாசனையே இல்லாத தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் "டிடின்ட் வென்ட்" எழுதுகிறார்கள். நடந்து முடிந்த விஷயம்தானே, வினையிலும் இறந்தகாலம் இருக்கட்டும் என்று மனசு நினைக்கிறது. இங்கிலீஷ்காரக் குழந்தையே "கோட்" என்று "கோ"வோடு ஈ-டி சேர்த்துச் சொல்லித்தான் வளரும்.

ஆனாலும் குப்பம்காரர் சொன்னது வகுப்பில் நல்ல மருந்து. "போனவில்லை என்று சொல்வாயா? மாட்டாய் அல்லவா? அப்புறம் ஏன் டிடின்ட் வென்ட்?" என்று கேட்டால் தமிழ்ப் பிள்ளைக்கு உடனே உறைக்கும். கேள்விக்கும் இதேதான்: "டிட் யூ கோ?" காலத்தை "டிட்" சுமந்துகொண்டது, வினைக்குச் சுமை இல்லை.

மலையாளம் நமக்கு உதவுகிற இடமும் உண்டு. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தார்கள் என்று ஆளுக்கொரு வால். மலையாளத்தில் ஞான் வன்னு, நீ வன்னு, அவன் வன்னு, எல்லாருக்கும் ஒன்று. இங்கிலீஷும் அப்படியே: ஐ கேம், யூ கேம், ஹி கேம். வால் மாறுவது "வாஸ்", "வேர்" ஒன்றில்தான். எல்லைக்காரர்களுக்கு இது பழகின சமாச்சாரம்.

மூணாறு ஹோம்ஸ்டே:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் எஸ்டேட் லைனில் பிறந்தவன், இப்போது ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை. வெளிநாட்டு விருந்தாளிகளிடம் பேசியே கற்றுக்கொண்ட இங்கிலீஷ்.

காலையில் பிரிட்டிஷ்காரர் "ஹேவ் யூ ஹேட் பிரேக்ஃபாஸ்ட் எட்?" என்பார். அமெரிக்கக்காரர் அதையே "டிட் யூ ஈட் எட்?" என்பார். இரண்டும் சரிதான், ஊர் வேறு. அதனால் சீரியல் பார்க்கச் சொன்ன தம்பி எந்த ஊர் சீரியல் என்றும் சொல்லியிருக்கலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. விருந்தாளிகள் என் சின்ன வயசைப் பற்றிக் கேட்பார்கள். நாம் எப்படிச் சொல்வோம்? "சின்ன வயசில் ஸ்கூல் விட்டதும் ஆற்றுக்குப் போவோம், குளிப்போம், மீன் பிடிப்போம்." போவோம் என்பது வருங்கால உருவம், சொல்வது பழைய கதை! இங்கிலீஷிலும் இதே வித்தைதான். "வில்"லின் பழைய உருவமான "வுட்" போட்டு "வீ வுட் கோ டு தி ரிவர்" என்கிறார்கள். "வீ யூஸ்ட் டு கோ" என்றும் சொல்லலாம். வழக்கமாகச் செய்ததற்குத்தான் இது, ஒரு நாள் மட்டும் போனதற்கு இல்லை. அதற்கு "வென்ட்".

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. "ஐ ஆம் யூஸ்ட் டு" என்று நடுவில் "ஆம்" போட்டால் "எனக்குப் பழகிவிட்டது" என்று ஆகிவிடும். "ஐ ஆம் யூஸ்ட் டு தி கோல்ட்" என்றால் குளிர் பழகிவிட்டது. மூணாறில் அடிக்கடி சொல்ல வேண்டிய வாக்கியம்.

குப்பம் எல்லை:

போவோம், வுட் கோ. இதை எந்தப் பள்ளியிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அருமை.

அந்த மூன்று உருவ வினைப் பட்டியலுக்கு என்ன வழி? கோ-வென்ட்-கான் என்று அகர வரிசையில் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், என் தம்பி மகன் தினமும் அழுகிறான்.

சித்தூர் டீச்சர்:

அகர வரிசைதான் குற்றவாளி. புத்தகம் அச்சடிப்பவனுக்கு வசதி, பிள்ளைக்கு இல்லை. ஒழுங்கில்லாத வினை இங்கிலீஷில் சுமார் 200. அதில் தினசரிக்கு வேண்டியது பாதிகூட இல்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் அதிகம் புழங்குகிற வினைகள்தான் முரண்டு பிடிக்கும். பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, திங்க், டேக்: இந்தப் பத்தும் ஒழுங்கில்லாதவை. தினமும் வாயில் புரள்வதால்தான் பழைய உருவம் தேயாமல் நின்றுவிட்டது. "வென்ட்" என்பதே "கோ"வின் சொந்தப் பிள்ளை அல்ல, "வென்ட்" என்று மெல்லிய "ட்"டில் முடிகிற இன்னொரு பழைய வினையிடமிருந்து தத்து வந்தது.

நம் தமிழ் மட்டும் ஒழுங்கா? செய்தேன், கேட்டேன், நின்றேன், ஓடினேன். பள்ளிக்கூடத்தில் த், ட், ற், இன் என்று இடைநிலை படித்தோமே, அவைதான் இவை. சொல் என்பது சொன்னேன் ஆகிறது, நில் என்பது நின்றேன் ஆகிறது, கல் என்பது கற்றேன் ஆகிறது. இதை யார் பட்டியல் போட்டுப் படித்தோம்? ஒரே ஓசையில் வருகிறவை காதில் ஒட்டிக்கொண்டன. பையனுக்கும் அப்படியே கட்டிக் கொடுங்கள். மாறவே மாறாதவை ஒரு கட்டு: கட், புட், ஹிட், ஷட், காஸ்ட். சிங்-சாங்-சங், ரிங்-ராங்-ரங், டிரிங்க்-டிராங்க்-டிரங்க் ஒரு கட்டு. கம்-கேம்-கம், ரன்-ரேன்-ரன் ஒரு கட்டு. பை-பாட், பிரிங்-பிராட், திங்க்-தாட், கேட்ச்-காட், டீச்-டாட் ஒரு கட்டு. ரீட் மட்டும் எழுத்தில் மாறாது, வாயில் "ரெட்" ஆகும்.

மூணாறு ஹோம்ஸ்டே:

பாட், பிராட் குழப்பத்துக்கு ஒரு குறுக்கு வழி: பிரிங்கில் "ர்" இருக்கிறது, பிராட்டிலும் இருக்கும். பை-யில் "ர்" இல்லை, பாட்டிலும் இல்லை.

கொழிஞ்சாம்பாறை பையன்:

நான் பிஎஸ்சி-க்குப் படிக்கிறேன், கேரளா பிஎஸ்சி, அரசு வேலைக்கான தேர்வு. தமிழ்ச் சிறுபான்மைக்குத் தமிழில் கேள்வித்தாள் கேட்டு வாங்கலாம், இங்கிலீஷ் பகுதி மட்டும் எல்லாருக்கும் இங்கிலீஷ்தான். அங்கே இந்த "சின்ஸ்", "ஃபார்" கேள்வி தவறாமல் வருகிறது. அதையும் சொல்லிவிடுங்கள் டீச்சர்.

சித்தூர் டீச்சர்:

தொடங்கிய புள்ளி என்றால் "சின்ஸ்": சின்ஸ் 2011, சின்ஸ் மண்டே. நீளம் என்றால் "ஃபார்": ஃபார் டென் இயர்ஸ். அவ்வளவுதான். "சின்ஸ்" பார்த்தால் "ஹேவ்", "ஹேஸ்", "ஹேட்" மூன்றில் ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்று தேடு. "ஃபார்" அப்படி இல்லை, முடிந்துபோன கதைக்கும் வரும்: "ஐ டாட் ஃபார் மெனி இயர்ஸ்." ரிட்டயர் ஆகிவிட்டேன் அல்லவா.

கோவிந்தாபுரம் அக்கா:

நான் இங்கிலாந்தில் வார்டு நர்ஸ், சொந்த ஊர் கோவிந்தாபுரம். தங்கச்சியின் இரண்டாவது கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டீர்களே.

ரோல் பிளேயில் பெரிய வார்த்தை பேசினால் மதிப்பெண் கூடாது, குறையும். அங்கே எதிரில் இருப்பவர் நோயாளி. அவருக்குப் புரிகிற பேச்சு வேண்டும். மரத்துப் போனால் "நம்". ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் "பின்ஸ் அண்ட் நீடில்ஸ்". தலை சுற்றினால் "டிஸி". வயிறு உப்பினால் "ப்ளோட்டட்". நம் ஊரில் "மோஷன் போனீங்களா?" என்று கேட்போம், இங்கே "ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ் டுடே?" என்று கேட்பார்கள். பார், இங்கேயும் "ஹேவ்"தான், ஏனென்றால் "டுடே" இன்னும் முடியவில்லை. டீச்சர் சொன்ன கடை திறந்தே இருக்கிறது.

உறுப்புகளில் கவனம். நமக்குத் தோளிலிருந்து விரல் வரை "கை"தான், இடுப்பிலிருந்து கீழே எல்லாம் "கால்"தான். இங்கே "ஆர்ம்" வேறு, "ஹேண்ட்" வேறு; "லெக்" வேறு, "ஃபுட்" வேறு. கால்விரலை "ஃபிங்கர்" என்று எழுதினால் மேலே பார்ப்பார்கள், அது "டோ". வீங்கியது எது என்று லெட்டரில் தப்பாகப் போனால் விளையாட்டு இல்லை.

அப்புறம் அந்தப் "பாஸ் அவுட்". கேரளத்தில் எல்லாரும் "2022-ல் பாஸ் அவுட் ஆயி" என்கிறார்கள். இன்டர்வியூவில் "ஐ பாஸ்ட் அவுட் இன் 2022" என்று சொல்லிவிடாதே, இங்கே அது மயங்கி விழுந்தது. "ஐ கிராஜுவேட்டட்" அல்லது "ஐ குவாலிஃபைட்" போதும். "ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்" என்று இங்கே ஒரு நோயாளி சொன்னால் பெரும்பாலும் வாந்தி எடுத்தார் என்று அர்த்தம். எத்தனை தடவை என்று கேட்க வேண்டும்.

வார்த்தையைத் தனியாக எழுதி வைக்காதே. வினையோடு, இறந்தகாலத்தில் எழுது. "ஃபெல்", "ஃபெயின்டட்", "த்ரூ அப்", "ஃபெல்ட் டிஸி", "டிவெலப்ட் எ ராஷ்". நோயாளி வந்து சொல்வதெல்லாம் நடந்து முடிந்த கதைதானே.

மூணாறு ஹோம்ஸ்டே:

அக்கா சொன்ன "ஃபெயின்டட்"டில் கடைசி "இட்" கேட்கும். ஆனால் "ஸ்டாப்ட்", "வாக்ட்", "வாஷ்ட்" இவற்றில் கேட்காது. நம் ஆட்கள் எழுத்தைப் பார்த்து "ஸ்டாப்பெட்", "வாக்கெட்" என்று சொல்கிறார்கள். வினை "ட்" ஓசையில் முடிந்தால்தான், வல்லினமோ மெல்லிய ஓசையோ, அந்த "இட்" கூடுதலாக வரும்: வான்டட், நீடட், அட்மிட்டட். மற்றதெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் போகும்.

வேலந்தாவளம் நர்ஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்றைக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். டீச்சர், நேரம் இருந்தால் பாருங்கள்:

"தி பேஷன்ட் வாஸ் அட்மிட்டட் ஆன் 3 மார்ச் வித் செஸ்ட் பெயின். ஹி ஹேஸ் ஹேட் டயபெட்டிஸ் சின்ஸ் 2011. ஹி ஹேட் டேக்கன் டூ ஆஸ்பிரின் டேப்லெட்ஸ் அட் ஹோம் பிஃபோர் ஹி கேம் டு ஹாஸ்பிடல். ஹி ஸ்மோக்ட் ஃபார் டென் இயர்ஸ் பட் ஹேஸ் ஸ்டாப்ட் லாஸ்ட் இயர்."

கொழிஞ்சாம்பாறை பையன்:

"ஹேஸ் ஹேட்" என்று இரண்டு தடவை டைப் ஆகிவிட்டதா அக்கா?

சித்தூர் டீச்சர்:

இல்லை தம்பி, அது சரியாகவே இருக்கிறது. முதல் "ஹேஸ்" துணை வினை. இரண்டாவது "ஹேட்" அவருக்கு நோய் இருக்கிறது என்பதில் வருகிற "ஹேவ்", மூன்றாம் உருவத்தில். 2011-ல் வந்தது, இன்றும் இருக்கிறது. "ஹி ஹேஸ் டயபெட்டிஸ் சின்ஸ் 2011" என்று எழுதுவதுதான் நம் பக்கத்துத் தப்பு.

கண்ணு, முதல் இரண்டு வாக்கியம் அப்படியே இருக்கட்டும். மூன்றாவதில் "பிஃபோர்" இருப்பதால் முன் எது பின் எது என்று தெரிந்துவிட்டது, "ஹி டுக்" என்றாலே போதும். "ஹேட் டேக்கன்" இருந்தாலும் தப்பில்லை. நான்காவதில் "லாஸ்ட் இயர்" சொல்லிவிட்டு "ஹேஸ் ஸ்டாப்ட்" போட்டிருக்கிறாய். இப்படி எழுது: "ஹி ஸ்மோக்ட் ஃபார் டென் இயர்ஸ் பட் ஸ்டாப்ட் லாஸ்ட் இயர் அண்ட் ஹேஸ் நாட் ஸ்மோக்ட் சின்ஸ்." விட்டது போன வருஷம், அதனால் "ஸ்டாப்ட்". இன்றுவரை தொடவில்லை, அதனால் "ஹேஸ் நாட்". கேஸ் நோட்ஸில் திரும்பத் தொடவில்லை என்று இருந்தால் மட்டும் அந்தக் கடைசித் துண்டைச் சேர்.